முழங்கால் ஈரம்

என் நாத்தனாரின் சேலைகளில் எது புதிது, எது பழசு என்று தெரிந்துகொள்ள முந்தானையைப் பார்க்க வேண்டாம். முழங்காலுக்கு நேரே பார்த்தால் போதும். பழசு என்றால் அங்கே சாணிப் பழுப்பில் இரண்டு வட்டங்கள் இருக்கும். எத்தனை துவைத்தாலும் போகாது. நான் கல்யாணமாகி வந்த புதிதில், இந்த மனுஷி தினமும் எங்கே போய் முட்டி போடுகிறார் என்று எனக்கு ஒரே குடைச்சல். ஒரு நாள் வெள்ளனே எழுந்து பின்னாலேயே போய்விட்டேன். மாட்டுக் கொட்டத்துக்குள் நுழைந்தார். மாட்டை எழுப்பி ஓரமாகக் கட்டினார். அது படுத்திருந்த இடத்தில் சேலையோடு முட்டி போட்டுக் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். பிறகு எழுந்து சேலையைத் தடவிப் பார்த்து, “சீ, இன்னிக்கும் நனஞ்சுதான் கெடக்கு” என்று முகத்தைச் சுளித்தார்.

“கையால தொட்டுப் பாத்தா தெரியாதா மதினி?” என்றேன். “கை மேலாப்புலதான பாக்கும்? மாடு மாதிரி பாரத்தப் போட்டாத்தான் அடியில இருக்கற ஈரம் மேல வரும்” என்றார். வத்தலக்குண்டில் பாக்கெட் பால் குடித்து வளர்ந்தவள் நான். மாட்டின் படுக்கையை இப்படி ஒருத்தர் சோதிப்பார் என்று யாராவது சொல்லியிருந்தால் கேலி செய்திருப்பேன்.

கொடைக்கானலுக்கு மேலே, பூண்டும் கேரட்டும் போடுகிற ஊர் எங்களுடையது. மதினி என் வீட்டுக்காரருக்கு அக்கா. அடுக்கம் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் தவறிய பிறகு ஒரு தகரப்பெட்டியோடும் ஒரு கறவை மாட்டோடும் தம்பி வீட்டுக்குத் திரும்பியவர். வாய் சும்மா இருக்காது. தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வார். “பால் கறக்கற வரைக்கும் நான் இந்த வீட்டு ஆளு. மாடு போயிருச்சுன்னா விருந்தாளி. விருந்தாளி எத்தன நாளைக்கு ஒக்காந்து தின்ன முடியும்?” என்று அவர் சிரித்தபோது எனக்குச் சிரிப்பே வரவில்லை. விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அந்தக் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் வந்த அந்தப் பனிக்காலத்தில் மாட்டுக்கு மடிநோய் வந்தது. ஒரு காம்பு வீங்கி, பால் திரிதிரியாக வந்து, கடைசியில் அடியோடு வற்றிப்போனது. ஊசி போட வந்த கால்நடை டாக்டர், மடி ஈரத்தில் பட்டால் காம்பு வழியாகக் கிருமி ஏறும், படுக்கிற இடம் காய்ந்து கிடக்க வேண்டும் என்று சொல்லிப் போனார். கொஞ்ச நாளிலேயே அடுத்த காம்பும் சூடு கண்டது. என் வீட்டுக்காரருக்கோ, எல்லாம் இந்தக் குளிரால் வந்த வினை. உரச்சாக்குகளைக் கொண்டுவந்து, சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியையெல்லாம் அடைத்தார். நோய் கூடக் கூடச் சாக்கும் கூடியது. “ஒட்டன்சத்திரம் போயி கேரட்ட எறக்கிட்டு, வரும்போது மாட்டுத் தரகரக் கூட்டியாரேன்க்கா. இது ஒன்னப் போட்டுப் பாடாப்படுத்துது” என்றார் ஒரு நாள். அக்கா மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். மதினி எழுந்து மாட்டிடம் போய்விட்டார்.

மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை அவர். காய்ந்த பூண்டுத் தாளை விரித்துப் பார்த்தார், பைன் சருகைப் போட்டுப் பார்த்தார், நாயுடுபுரத்து மரக்கடை பாயிடம் சொல்லி மரத்தூளும் வரவழைத்தார். சாணி விழுந்த உடனே அள்ளினார். மூத்திரம் தரைச் சாய்வில் ஓடி வெளியே போனது. கறந்ததும் மாடு படுத்துவிடாமல், காம்புத் துளை மூடுகிற வரை தீவனம் காட்டி நிற்கவைத்தார். அப்படியும் விடிந்தால் முழங்கால் நனைந்தது. மழையே இல்லை, வானம் பளிச்சென்று கிடந்தது. “எங்கிட்டிருந்துடி வருது இந்தத் தண்ணி?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அது ஒரு கிறுக்காகிவிட்டது. சமையல் சோலியில் கூட அதே நினைப்பு. தகரத்தில் ஓட்டை தேடினோம், இல்லை. மாடு மிதிக்காத மூலையில் அடுப்புச் சாம்பலைப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் தாளை விரித்துவைத்தார். காலையில் பார்த்தால் அடியில் சாம்பல் உலர்ந்து பறந்தது, தாளின் மேலே தண்ணீர் நின்றது. அப்படியானால் ஈரம் தரையிலிருந்து வரவில்லை!

மறுநாள் இருட்டோடு இரண்டு பேரும் கொட்டத்தில் போய் உட்கார்ந்தோம். என் பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. செல்போன் வெளிச்சத்தை மேலே அடித்தால், அடேயப்பா, தகரம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். கீழே மாடு புஸ்ஸென்று மூச்சுவிட, ஆவி மேலே போனது. மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “இட்லிச் சட்டி மூடிடி இது! நாம அடச்சு வச்சோம், அது விட்ட மூச்சு அது மேலயே கொட்டுது!”

தம்பி லோடோடு போயிருந்த சமயம் பார்த்து, மேலே இருந்த சாக்குகளை எல்லாம் பிடுங்கிப் போட்டார். பக்கவாட்டில் காற்று அடிக்கிற இடத்துச் சாக்கை மட்டும் விட்டுவைத்தார். கீழே புதுத் தூள் கொட்டினார். ஒரு ராத்திரி கழிந்து, விடிந்ததும் தரகரோடு வந்து இறங்கிய என் வீட்டுக்காரர் மேலே பார்த்ததும் கத்தினார்: “கிறுக்காக்கா ஒனக்கு? பனியில மாடு வெறச்சுப் போயிரும்!”

“முதுகு நெறைய முடியோடதான பெறந்திருக்கு? மடியிலதான் முடி இல்ல. நீ அந்த எடத்துல முட்டி போட்டுப் பாரு தம்பி” என்றார் மதினி. சந்தைக்கு உடுத்திப்போன வெள்ளை வேட்டி அவருக்கு. தரகர் முன்னால் தயங்கினார், முனகினார், கடைசியில் முட்டி போட்டார். எழுந்தபோது வேட்டியில் மரத்தூள்தான் ஒட்டியிருந்தது. ஈரம் இல்லை. தூளைத் தட்டிவிட்டார். பிறகு தரகருக்கு டீ போடச் சொன்னார். குடித்துவிட்டுத் தரகர் வெறுங்கையோடு கிளம்பினார்.

வற்றிய காம்பு வற்றியதுதான். வீங்கிய காம்பு மருந்திலும் உலர்ந்த படுக்கையிலும் தேறியது. மூன்று காம்போடே அது இன்னும் பல ஈத்துக் கண்டு, போன மாதம் கிழமாகிச் செத்தது. தோட்டத்து ஓரத்தில் புதைத்துவிட்டு வந்த அன்று, மதினி தகரப்பெட்டியைத் திறந்துவைத்துச் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினார். எல்லாச் சேலையிலும் அந்த இரண்டு வட்டம். மாடு போனால் விருந்தாளி என்று சொன்னவர் கிளம்பத்தான் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் என் வீட்டுக்காரர், செத்துப்போன மாட்டின், இன்னும் கறவைக்கு வராத கிடேரிக் கன்று கட்டியிருக்கிற கொட்டத்துக்குப் போனார். வந்து அக்கா முன்னால் நின்றார். வேட்டியில் முழங்காலுக்கு நேரே ஈரத் தூள் அப்பியிருந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. நீ பாத்துச் சொல்லு.”

மதினி துணியை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தார். “நனஞ்சிருக்குடா. இதுகூடவா தெரியல ஒனக்கு?” என்று வைதபடி, அடுக்கிய பெட்டியிலிருந்து ஒரு பழைய சேலையை உருவி எடுத்தார்.