பதினான்கு லட்சத்துச் சுவர்

நம்புங்கள் என்று யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. எனக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அவ்வளவுதான். என் பெயர் அஜந்தன். மேசன். சுவரைத் தட்டிப் பார்த்து உள்ளே என்ன கோளாறு என்று சொல்வது என் பிழைப்பு. இந்த ஒரு சுவரைப் பற்றி மட்டும் என்னால் இன்றுவரை யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை.

போன ஐப்பசி மாதம். தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டின் ஓர் அறையில் இருந்தோம். நான், மனைவி நிஷாந்தினி, ஆறு வயது மகள் மேனுஷா. எங்கள் அறையின் தரையில் ஒரு வெடிப்பு விட்டிருந்தது. முதலில் நூல் மாதிரிதான் இருந்தது. பிறகு அதற்குள் என் விரல் போனது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மண் சரியும் இடம், உடனே வெளியேறுங்கள் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். எங்கே போவது என்று அதில் எழுதியிருக்கவில்லை.

கையில் இருந்தது பதினான்கு லட்சம். நிஷாந்தினி குவைத்தில் வீட்டு வேலை செய்து சேர்த்த காசு. அதற்கு ஒரு மாட்டுக் கொட்டில்கூடக் கிடைக்கவில்லை.

அப்போதுதான் ஹாலிஎலயில் அந்த வீட்டைச் சொன்னார்கள். ரயில் பாதைக்கு மேலே, மலையை ஒட்டி இரண்டு அறை. மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. சொந்தக்காரர் வைரவநாதன், பதுளையில் இரும்புக் கடை முதலாளி. இருபத்துநான்கு லட்சம் கேட்டார்.

"நீங்க வந்து காட்டலையா முதலாளி?"

"திருத்த வேலை நிறைய இருக்கு. நீங்க மேசன், உங்களுக்குத் தெரியாததா? பாத்துட்டு ஒரு விலை சொல்லுங்க."

சாவியை மேசையில் தள்ளினார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மாலை 4.10. நல்ல மழை.

என் வேலை முறை இதுதான். பூச்சுக் கரண்டியின் கைப்பிடியால் சுவரைத் தட்டுவேன். பூச்சு சுவரோடு ஒட்டியிருந்தால் 'டக்' என்று கேட்கும். விட்டிருந்தால் 'டொப்'. டொப் கேட்ட இடத்தில் சோக்கால் ஒரு வட்டம் போடுவேன். ஒவ்வொரு வட்டமும் சீமெந்து, மணல், கூலி. அத்தனையையும் விலையில் கழிக்கலாம். அதனால் ஒவ்வொரு டொப்புக்கும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கூரைத் தகரம், கதவு நிலை, முன்னறைப் பூச்சு... எல்லாம் கழித்தும் இருபதில் வந்து நின்றது. இன்னும் ஆறு லட்சம் இறங்க வேண்டும்.

4.35. பின்னறைக்குப் போனேன். மற்றச் சுவரெல்லாம் பழசு. மலைப் பக்கத்துச் சுவருக்கு மட்டும் புதுப் பூச்சு. தட்டினேன்.

டொப்.

சோக்கை எடுக்கக் குனிந்தேன்.

டொப்.

நான் தட்டவில்லை.

எதிரொலியாக இருக்கும் என்று நினைத்து இரண்டு தரம் தட்டினேன். இரண்டு வந்தது. மூன்று தட்டினேன். மூன்று வந்தது. நான் தட்டியது நெஞ்சு உயரத்தில். வந்ததோ முழங்கால் உயரத்திலிருந்து.

யாரோ பின்னால் நின்று விளையாடுகிறார்கள் என்று கோபத்தோடு வெளியே ஓடினேன். பின்னால் போக வழியே இல்லை. மலை மண் இறங்கி, ஜன்னல் உயரத்துக்குச் சுவரோடு அப்பிக் கிடந்தது. ஒரு பூனை நிற்கக்கூட இடமில்லை.

அப்படியே திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. 'மண் சாய்ந்த சுவர்... இதற்கே நாலு லட்சம் குறைக்கலாம்' என்றுதான் என் புத்தி போனது. மண்ணுக்குப் பயந்து ஓடுகிறவன் மண்ணோடு ஒட்டிய வீட்டுக்கு விலை போட்டுக்கொண்டிருந்தேன். மறுபடி உள்ளே போனேன்.

5.40. போன் அடித்தது. நிஷாந்தினி.

"வெடிப்பு பெருசாகிருச்சுங்க. எல்லாரும் ஸ்கூல்ல தங்கப் போறாங்க. புள்ளைக்கு மூச்சு இழுப்பு வந்துருச்சு. வீடு என்னாச்சு?"

"பேசி முடிச்சிருவேன். பயப்படாத."



"அங்க யாருங்க தட்டுறது?"

"நான்தான்" என்றேன்.

என் ஒரு கையில் போன். இன்னொரு கை சட்டைப் பைக்குள் இருந்தது.

5.52. தட்டல் வேகமானது. டொப் டொப் டொப் டொப்... இடையில் நகத்தால் பிராண்டுகிற சத்தம்.

"யாரு?"

ஒரு நொடி நின்றது. பிறகு இன்னும் வேகமாக...

6.05. மெதுவானது.

டொப்...

...டொப்.

6.10.

டொப்.

பிறகு ஒன்றும் இல்லை.

நின்ற பிறகுதான் ஓடினேன்.

7.00. வைரவநாதன் கடை.

"பதினாலு லட்சம், முதலாளி. அதுக்கு மேல எங்கிட்ட ஒரு சதம் இல்ல."

ஒவ்வொரு வட்டத்தையும் சொல்லி வாதாடத் தயாராக வந்திருந்தேன்.

"சரி" என்றார்.

"அந்தப் பின்னறைச் சுவரு..."

"அதான் சரின்னுட்டேனே!"

அந்த 'சரி'க்குத்தான் நான் அதிகம் பயந்தேன். ஆனாலும் வாங்கினேன். வாங்காமல் எங்கே போவது?

குடிவந்த மறுநாள், பக்கத்து வீட்டு ஜெனீரா ராத்தா தேத்தண்ணி கொண்டுவந்தார். பின்னறைக்குள் மட்டும் அவர் கால் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"கந்தப்பன்னு ஒருத்தர் இங்க வாடகைக்கு இருந்தாரு. மூணு வருஷத்துக்கு முந்தி, இதே மாதிரி மழை. பின்னால தண்ணி போற காண் துப்புரவாக்கிக்கிட்டு இருந்தப்ப, மண் வந்து சுவரோட சேத்து அமுக்கிருச்சு. அப்ப நாலரை மணி. இந்த அறையில இருந்து நாங்க தட்டினோம். அவரும் தட்டினாரு. சுவரை உடைச்சு எடுத்துருவோம்னு எல்லாரும் கத்தினோம். முதலாளி விடல. உடைச்சா மண்ணு உள்ள வந்து வீடே போயிரும், ஆமிக்காரங்க வந்து தோண்டட்டும்னு சொல்லிட்டாரு."

"ஆமி எப்ப வந்துச்சு?"

"ஏழு மணிக்கு. தட்டுறது ஆறு பத்துக்கே நின்னுருச்சு தம்பி."

எங்கள் லயம் இப்போது இல்லை. அந்தக் கிழமையே மண்ணோடு போய்விட்டது. திரும்பிப் போக இடமில்லை.

மழை பெய்கிற நாட்களில் நாலரைக்கு ஆரம்பிக்கிறது. என்னிடம் சம்மட்டி இருக்கிறது. நாலே அடியில் அந்தச் சுவரைத் திறந்துவிடுவேன். திறந்தால் மண் உள்ளே வரும். வீடு போகும். பதினான்கு லட்சமும் போகும். அதனால் நானும் உடைக்கவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைக்கிறேன்.

நேற்றும் மழை; மாலை 5.30க்கு கரண்ட் போனது. ரேடியோ நின்றது. பின்னறையில் மேனுஷா சுவர் முன்னால் குந்தியிருந்தாள். முழங்கால் உயரத்தில், விரல் மொளியால்... டொக். டொக்.

"என்னம்மா பண்ற?"

திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"உள்ள இருக்கிறவரு பாவம்ப்பா. எங்க அப்பாகிட்ட சம்மட்டி இருக்கு, உடைச்சு விடுவாங்கன்னு சொல்லிட்டேன்."