சாவியில் கட்டிய சிவப்பு நூல்

என் கைப்பையின் உள்ளறையில் ஒரு சிவப்புப் பட்டு நூல் இருக்கிறது. விரல் நீளம்தான். அதில் போட்ட முடிச்சு இன்னும் இறுக்கமாக இருக்கிறது. முடிச்சுக்குச் சற்றுத் தள்ளி நூலைக் கத்தரியால் வெட்டிய தடம் தெரியும். இதற்குள் நான்கு பைகள் மாற்றிவிட்டேன். பழைய பையைக் கவிழ்த்துக் கொட்டும்போதெல்லாம் இதைக் குப்பையில் போட்டுவிட நினைப்பேன். கை என்னவோ புதுப் பைக்குள்தான் வைக்கும். வெட்டியது நான்தான். இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

ஆரணியில் பட்டு நூல் முறுக்கும் யூனிட் ஒன்றில் அப்போது நான் மேற்பார்வை வேலையில் இருந்தேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது மிஷின் பழுதானாலோ, யாராவது அதற்குள் கைவிட்டு வேலை பார்த்தாலோ, அதன் சுவிட்சில் கழிவு நூலில் சிவப்பாகப் பார்த்து ஒரு துண்டைக் கட்டிவிடுவோம். கட்டியவர் வந்து அவிழ்க்கும்வரை வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. எங்கும் எழுதி ஒட்டியதில்லை, ஆனால் எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அது புரியும். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு முதல் நாளே விரலை நீட்டிக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

பின்பக்கத்து ஷெட்டில் இருந்த டீசல் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் ஆப்பரேட்டர் அண்ணன் என்போம். சந்தவாசலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கரண்ட் போனால் நாங்கள் அலறுவோம். அவருடைய நடை மட்டும் மாறாது. முதலில் புகை வெளியேற ஷெட் கதவை அகலத் திறப்பார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். ரேடியேட்டர் தண்ணீரைப் பார்ப்பார். மிஷின்களுக்குப் போகும் பெரிய சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று கைவைத்தே பார்ப்பார். அப்புறம்தான் சாவி. சில நொடிகளில் பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு, சற்று ஆறவைத்துத்தான் மறுபடி திருப்புவார். ஸ்டார்ட் ஆனாலும் உடனே எங்களுக்குக் கரண்ட் வராது. இன்ஜினைச் சும்மா ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் போய்ப் பறந்தால், "இப்பதாம்மா எந்திரிச்சிருக்குது. மூஞ்சி கழுவட்டும். அதுக்குள்ள மூட்டைய தலையில தூக்கி வச்சா தாங்குமா? ஜல்தி காட்டாதீங்க" என்பார். நிறுத்தும்போதும் அப்படித்தான், சுமையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஆறவிடுவார்.

"வீட்ல அண்ணிக்குக்கூட இவ்ளோ செஞ்சிருக்க மாட்டாருக்கா" என்று பெண்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் எரிச்சல்தான். சாப்பிடப் போனால்கூடச் சாவியில் சிவப்பு நூல் கட்டிவிட்டுப் போகிறாரே, இது என்ன இவர் வீட்டுச் சொத்தா என்று தோன்றும்.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். யூனிட்டைப் பார்க்க வெளியூர் பட்டு வியாபாரிகளை முதலாளி அழைத்து வந்திருந்தார். அவர்கள் உள்ளே நுழைந்ததும் கரண்ட் போய், எல்லா மிஷின்களும் ஒன்றாக நின்றன. முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஷெட்டுக்கு ஓடினேன். ஆப்பரேட்டர் அண்ணன் இல்லை. சாவியில் சிவப்பு நூல் இருந்தது. வளையத்துக்குள் விட்டுப் பக்கத்துக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. டீ குடிக்கப் போயிருப்பார், வழக்கமான பிகு என்று நினைத்தேன். நகத்தால் நெம்பிப் பார்த்தேன், முடிச்சு அசையவில்லை. இடுப்பில் தொங்கிய நூல் வெட்டும் கத்தரியால் வெட்டி, துண்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். கம்பியை உருவிப் பார்க்கவில்லை. பெரிய சுவிட்சை அணைக்கவும் இல்லை. மொத்தச் சுமையோடும் இன்ஜின் முக்கி எழுந்தது. ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும் என்று உள்ளே போய் வியாபாரிகளுக்கு முன்னால் சிரித்தபடி நின்றேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. இன்ஜின் இறுகிவிட்டது. ஆயில் மாற்றுவதற்காகப் பழையதைக் காலையிலேயே வடித்துவிட்டிருந்தார். இன்ஜினுக்கு அடியில் தட்டு நிறையக் கறுப்பு ஆயில் இருந்தது. நான் குனிந்தே பார்க்கவில்லை.

ஃபில்டர் ஆரணியில் கிடைக்காமல் போளூர் போயிருந்தவர், மதியம் அதையும் ஆயில் டின்னையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஷெட் வாசலிலேயே முதலாளி பிடித்துக்கொண்டார்.

"ஆயில வடிச்சிட்டு யார்கிட்ட சொல்லிட்டுய்யா போன?"

"உங்களுக்கு ரெண்டு வாட்டி போன் பண்ணேங்க, எடுக்கல. சாவியில செவப்பு நூல் கட்டிட்டுதாங்க போனேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நூல் இருந்துதாம்மா?"

"நான் பாக்கலைங்க" என்றேன். பை என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆப்பரேட்டர் அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். என் இடுப்புக் கத்தரியையும் பார்த்தார். "அப்ப அவுந்து வுழுந்திருக்குங்க" என்றார். அவர் போட்ட முடிச்சு தானாக அவிழாது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். டின்னையும் ஃபில்டரையும் ஷெட் ஓரமாக வைத்துவிட்டுப் போனார். அவரை மறுபடி வேலைக்குக் கூப்பிடவில்லை. "பாவம், நீ என்னம்மா பண்ணுவ" என்று முதலாளி என்னைத் தேற்றினார். அதைக் கேட்டுக்கொண்டும் நின்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்? முதலாளி திட்டியிருப்பார், அவ்வளவுதான். எனக்கு வேலை போயிருக்காது. ஒரு திட்டுக்குப் பயந்து ஒரு மனிதரின் பெயரைக் கெடுத்தேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. இப்போது அந்த யூனிட்டில் கரண்ட் போனால் தானே ஸ்டார்ட் ஆகும் ஜெனரேட்டர் இருக்கிறது. சாவியைத் தேடி யாரும் ஓடுவதில்லை.

போன மாதம் போளூரில் உறவுக்காரர் கல்யாணம். மண்டபத்துக்குப் பின்னால் கை கழுவப் போனபோது, ஜெனரேட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஆப்பரேட்டர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தார். "நல்லா கீறீங்களாம்மா? சாப்டீங்களா?" என்றார். என் கண் ஜெனரேட்டர் பக்கம் போனது. சாவித் துவாரம் காலியாக இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டுச் சட்டைப் பையைத் தட்டிக்காட்டினார். "சாவிய கையோட வச்சிகினு சுத்தறேம்மா. நூலெல்லாம் இப்ப கட்றதில்ல."

பையைத் திறந்து நூலை எடுத்து நீட்டினேன். "நான்தாண்ணா வெட்டினேன். பாக்கலைன்னு சொன்னது பொய்" என்றேன்.

அவர் அதை உள்ளங்கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "முடிச்சு அப்டியே கீது பாருங்க" என்றார். அதற்குள் மண்டபத்தில் விளக்குகள் அணைந்து, மேளத்தையும் மீறி யாரோ கத்தினார்கள். நூலை என் கையிலேயே வைத்துவிட்டு, நிதானமாகப் போய் ஆயில் கம்பியை உருவித் துணியில் துடைத்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நூல் மறுபடி என் பைக்குள் இருக்கிறது. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். அவர் அவிழ்க்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்.