ஜக்கம்மா ஊற்றிய கொசுறு

ஜக்கம்மா மதினிக்குக் கோபம் வந்தால் மிக்சி ஓடும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். சின்னமனூர் பஸ் நிலையம் பக்கம் அவருக்கு ஜூஸ் கடை. ஒட்டினாற்போல் என் ஃபேன்சி ஸ்டோர். வளையலும் பொட்டும் விற்றுக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அது பாஷை மாதிரி பழகிப்போயிற்று. எங்களுக்குள் சொந்தம் ஒன்றும் கிடையாது. அவர் வீட்டுக்காரர் தவசி அண்ணன் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடப்போக, இவர் எனக்கு மதினியாகிவிட்டார்.

தவசி அண்ணன் காலையில் தோட்டங்களுக்குப் போய்ப் பன்னீர் திராட்சை எடுத்து வருவார். கழுவுவார், ஐஸ் உடைப்பார். அரைப்பதும் ஊற்றுவதும் பேசுவதும் மதினி. அதிலும் பேசுவதில் பங்காளிக்கே இடம் கிடையாது.

அந்தக் கடைக்கு ஒரு பழக்கம் உண்டு. கிளாஸ் நிறைய ஊற்றிக் கொடுத்த பிறகும் மிக்சி ஜாரின் அடியில் கொஞ்சம் நிற்கும். குடிப்பவர் பாதி குடித்ததும் மதினி கேட்காமலே ஜாரைச் சாய்த்து அதை ஊற்றிவிடுவார். அதுதான் கொசுறு. எல்லா ஜூஸ் கடையிலும் உள்ளதுதானே என்பீர்கள். ஆனால் மற்ற கடைகளில் அது ஜாரைக் கழுவுகிற அவசரம். மதினிக்கு அப்படி இல்லை. "ஒனக்குன்னு அடிச்சது, ஒனக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டு ஊற்றுவார். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள் எங்கள் ஊர்க்காரர்கள். பாதி கிளாஸைப் பிடித்துக்கொண்டு சும்மா ரோட்டைப் பார்த்தபடி நிற்பார்கள். சனிக்கிழமை குச்சனூர் கோயிலுக்குப் போகிறவர்கள்கூட இந்த ரோடு பார்க்கும் கலையைக் கற்று வைத்திருந்தார்கள்.

இரண்டு கோடைக்கு முன்னால் எதிர்ப்பக்கம் சுரேஷ்கண்ணன் கடை போட்டான். மொஜிடோ. நீலம், பச்சை, ரோஜா என்று சோப்புத் தண்ணீர் நிறத்தில் பாட்டில்கள், சுற்றிலும் லைட்டு, நெகிழிக் கிளாசுக்கு மேலே ஒட்டி மூடிய தாள், அதில் ஓட்டை போட்டுக் குடிக்கக் குழல். கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் அங்கே போய்விட்டார்கள். வாங்குவதற்கு முன் ஒரு போட்டோ, வாங்கிய பின் ஒரு போட்டோ. குடித்தார்களா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அந்தக் கடையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் பையன் மரியாதையான பையன், அதுதான் வம்பு. மாசி மாதம் ஒருநாள் மதினியிடம் வந்து நின்றான்.

"அத்தே, நீங்க கடைய விடுறதா இருந்தா மொதல்ல எனக்குச் சொல்லுங்க. இந்தப் பக்கம் நெழலு, நல்ல அகலமும்கூட. எங் கடைய இங்கன மாத்திக்கிருவேன்."

மதினி திட்டுவார் என்று நான் ஆவலாகக் காத்திருந்தேன். அவர் ஈரத்துணியை முறுக்கிக்கொண்டே, "சங்கத்து டூரு போறோம்ல, வந்து சொல்றேன்டா" என்று மெல்லச் சொன்னார். அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. திராட்சையில் பாதி சாயங்காலம் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போவதை நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். விடுவதென்று அவர் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். கடையில்லாத ஜக்கம்மாவை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

வியாபாரிகள் சங்கத்தில் அந்த வருடம் கோவாவுக்கு டூர். ஆண்கள் எதற்குக் கோவாவைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கத் தேவையில்லை. போய் இறங்கியதும் அவர்கள் எல்லாரும் ஒரு திசையில் காணாமல் போனார்கள். தவசி அண்ணன் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலில் முழங்கால் வரை நின்று, அலை வரும்போதெல்லாம் யாரோ தன்னை ஏமாற்றிவிட்டது போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஓட்டல் வாசலில் ஒரு பலகை இருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மத்தியானம் காக்டெயில் வகுப்பு, தங்கியிருப்பவர்களுக்கு இலவசம், கலந்துகொள்பவர்களே தங்கள் கையால் கலக்கலாம். கீழே மூன்று பானங்களின் பெயர். முதல் பெயர் மொஜிடோ.

"என்னது?" என்றார் மதினி. "அந்தப் பய விக்கிறதா?"

"அதுல சாராயம் கெடையாது மதினி. இதுல உண்டு."

"இருந்தா இருக்கட்டும். என்னைய ஒக்கார வச்ச சங்கதி என்னான்னு பாத்துட்டாவது வருவோம், வா."

உள்ளே நீளமான மேசை. சுவர் முழுக்கப் பாட்டில்கள், அடுக்கடுக்காக, பின்னால் விளக்கு எரிய. மதினி வாசலிலேயே நின்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. குச்சனூரில் சோணைக் கருப்பணசாமிக்கு ஆடியில் பாட்டில் பாட்டிலாகப் படைப்பார்கள். வாழ்க்கையில் அத்தனை பாட்டில்களை ஒரே இடத்தில் அவர் பார்த்தது சாமி முன்னால்தான்.

சொல்லிக் கொடுப்பவர் பெயர் ஜோபி. எங்கள் முகத்தையும் சேலையையும் பார்த்துவிட்டு, "சேச்சி நாட்டில் எவிடயா?" என்று மலையாளத்தில் ஊரை விசாரித்தார். மதினிக்கு உயிர் வந்துவிட்டது. எஸ்டேட்டுக்குப் போய் வருகிறவர்களுக்கு ஜூஸ் ஊற்றியே மலையாளம் படித்தவர்.

"குமுளி அறியுமோ? அதுக்குத் தாழெ. சின்னமனூர்."

ஜோபிக்கு ஊர் கட்டப்பனை. கம்பத்துத் திராட்சை தின்று வளர்ந்தவராம். அதற்குப் பிறகு வகுப்பு மதினிக்காக மட்டும் நடப்பது போலத்தான் நடந்தது. மற்றவர்கள் ஒரு புதுமணத் தம்பதி, மதுவிலக்கு உள்ள குஜராத்திலிருந்து வந்த நான்கு ஆண்கள். அந்த நால்வரும் ஊரில் கிடைக்காததைப் பார்க்கிற கண்ணோடு உட்கார்ந்திருந்தார்கள்.

புதினாவைப் போட்டு இடிக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் போதும், வாசம் எழும்பும் என்றார் ஜோபி. மதினி தட்டி, முகர்ந்து, என் மூக்கிலும் வைத்தார். கிளாஸ் விளிம்பை எலுமிச்சையால் தடவி உப்பில் கவிழ்ப்பது, ஷேக்கர் என்ற மூடி போட்ட குவளையில் ஐஸோடு குலுக்குவது எல்லாம் சட்டென்று வந்துவிட்டது. அளவில்தான் சண்டை. சின்ன உலோகக் கிண்ணத்தால் அளந்துதான் ஊற்ற வேண்டும். மதினி சர்க்கரைப் பாகைத் தன் கடைக் கணக்கில் ஊற்றினார்.

"சேச்சி, மதி, மதி!" என்று ஜோபி போதும்போதுமெனக் கையைப் பிடித்தார்.

"இம்புட்டுத்தானா? குடிக்கிறவன் வாயத் தொறந்து திட்ட மாட்டானா?"

அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. முகர்ந்து பார்த்தார், குடிப்பவர் முகத்தைப் பார்த்தார். நான் குடித்தேனா என்று கேட்காதீர்கள். என் வீட்டுக்காரர் இதைப் படிப்பார்.

ஒவ்வொருவர் ஷேக்கரிலும் ஊற்றியது போக அடியில் மிச்சம் நின்றது. அதைக் கொட்டிவிடுவதுதான் வழக்கம் என்று ஜோபி சொல்லிவிட்டு, மூன்றாவது பானத்துக்கு ஐஸ் எடுத்து வர உள்ளே போனார். மதினி அந்த மிச்சங்களைப் பார்த்தார். கொட்டுவதா? மேசை நெடுகப் போய் எல்லாவற்றையும் ஒரு தண்ணீர் ஜக்கில் சேர்த்தார். இரண்டு வகைப் பானமும் ஒன்றாயிற்று. குஜராத்திக்காரர் ஒருவரின் கிளாஸ் பாதியாகியிருந்தது. கேட்காமலே ஊற்றினார். அடுத்தவர், அதற்கடுத்தவர், புதுப்பெண், மாப்பிள்ளை. "ஒனக்குன்னு கலக்குனது, ஒனக்குத்தான்." அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கை நீட்டத் தெரிந்துவிட்டது. ஜக் காலியானதும் மேசைமேல் திறந்திருந்த ரம்மையும் எலுமிச்சையையும் சேர்த்து மதினி இன்னொன்று கலக்கிக்கொண்டார். கொசுறு தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

ஜோபி ஐஸோடு வந்தபோது குஜராத்திக்காரர்கள் நால்வரும் சுற்றி வந்து கைதட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். புதுமாப்பிள்ளை என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். புதுப்பெண் மதினியின் தோளில் சாய்ந்து இந்தியில் என்னவோ அழுதாள். மதினி அவள் தலையைத் தடவி, "எல்லாம் சரியாப் போகும்த்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜோபி காலியான ரம் பாட்டிலைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நான் செருப்பைத் தேடினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் மதினியிடம் பாதித் தமிழில் சொன்னார்.

"சேச்சி, பாரில் இது கூடாது. அளவு தப்பினா எனக்கு வேல போகும். பக்‌ஷே ஒண்ணு சொல்லட்டே? எல்லா நாளும் வர்றவர் போட்டோ எடுக்கும், பாதி கிளாஸ் வச்சிட்டுப் போகும். இன்னிக்கு ஒருத்தரும் எழுந்து போகலியே."

திரும்பி வரும் பஸ்ஸில் மதினி வழக்கத்துக்கு மாறாகப் பேசவே இல்லை. தவசி அண்ணன் பயந்துபோய் என்னிடம், "ஏத்தா, இவளுக்குக் கடல்காத்து ஒத்துக்கலையோ?" என்றார். மதுரை தாண்டியதும் மதினி வாய் திறந்தார்.

"சித்திரை முடியட்டும். அதுவரைக்கும் ஒரு கை பாத்துட்டுத்தான் அந்தப் பயலுக்குப் பதிலு."

ஊர் வந்ததும் பன்னீர் திராட்சையைக் கையால் நசுக்கி, மிக்சி ஜாரில் வடிகட்டினார். எலுமிச்சை, தட்டிய இஞ்சி, ஒரு சிட்டிகை மிளகு, மேலே சோடா, விளிம்பில் உப்பு, உள்ளங்கையில் தட்டிய புதினா. குடித்ததும் மூக்கில் ஏறியது, நாக்கில் நின்றது. பெயர் கோவா திராட்சை. திராட்சை நம் ஊர், பெயர் மட்டும் கோவாவா என்றேன். பேசாமல் இரு என்றார். ஜோபி சொன்னபடி சின்ன கிளாஸ், சரியான அளவு. ஜாரில் மிச்சமே நிற்காது. கொசுறு இல்லை.

ஆரம்பத்தில் கூட்டம் அள்ளியது. பிள்ளைகள் ரோட்டைக் கடந்து வந்து போட்டோ எடுத்தார்கள். சுரேஷ்கண்ணன் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எனக்கு உள்ளுக்குள் அத்தனை குளிர்ச்சி. ஆனால் வந்தவர்கள் மறுபடி வரவில்லை. பழைய ஆட்களும் குறைந்தார்கள். குமுளி பஸ் ஓட்டும் கர்ணன் தினமும் வண்டியை நிறுத்திவிட்டு வந்து குடிக்கிறவர். ஒருநாள் கோவா திராட்சையைப் பாதி குடித்துவிட்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றார். மதினி மேசையைத் துடைத்தார். கர்ணன் இன்னும் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார்.

"என்ன ஜக்கம்மா, கோவாவுல கை சுளுக்கிக்கிருச்சா?"

"அங்கனயெல்லாம் அளவுதாண்ணே."

"சரித்தா, சரி" என்று பாதி கிளாஸை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். மதினி அந்தக் கிளாஸைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணில் தண்ணீர் முட்டியது. இத்தனை வருடத்தில் அந்தக் கடையில் கிளாஸை மிச்சம் வைத்து யாரும் போனதில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"புதினா தட்டக் கத்துக்கிட்டு வந்தீக, சரி. அந்த ஜோபி கடைசியாச் சொன்னத எங்க விட்டுட்டு வந்தீக? அத்தனை பேரும் எந்திரிக்காம ஒக்காந்திருந்தது புதினாவுக்காகவா மதினி?"

மதினி என்னை முறைத்தார். மறுபடி மிக்சி ஓடியது. சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. ஆனால் அது என்மேல் உள்ள கோபம் இல்லை.

மறுநாள் காலை சின்ன கிளாஸ்களை எல்லாம் கட்டி மேலே போட்டுவிட்டு, பழைய பெரிய கிளாஸ்களை எடுத்து வைத்தார். கோவா திராட்சையைத் தாராளமாகக் கலக்கினார். விளிம்பு உப்பு அப்படியே இருந்தது, புதினாவும் இருந்தது. கர்ணன் வந்தபோது, அவர் ரோட்டைப் பார்க்கத் திரும்புவதற்கு முன்பே கொசுறு விழுந்தது. கிளாஸைக் காலியாக்கிவிட்டுப் போனார். மறுநாள் கண்டக்டரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கல்லூரிப் பிள்ளைகள் இப்போது போட்டோ எடுப்பது கொசுறு விழும்போதுதான். ஜார் சாயும் நேரத்துக்குச் சரியாகக் கிளாஸைப் பாதியாக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

சித்திரை கடைசிச் சனிக்கிழமை. குச்சனூர் போகிற கூட்டம், மூச்சுவிட நேரமில்லை. கூட்டத்துக்கு நடுவே சுரேஷ்கண்ணன் வந்து நின்றான்.

"அத்தே, டூரு போயிட்டு வந்து பதிலு சொல்றேன்னீங்க."

"சொல்றேன்டா. வெயில்ல வந்திருக்க, மொதல்ல இதக் குடி."

அவன் நின்றுகொண்டே குடித்தான். பாதி இறங்கியது. மதினி வேண்டுமென்றே அந்தப் பக்கம் திரும்பி யாருக்கோ சில்லறை எடுத்துக் கொடுத்தார். அவன் ரோட்டைப் பார்த்தான். தன் கடையைப் பார்த்தான். அப்புறம் அவனையறியாமல் அவன் கை கிளாஸோடு மேசைக்கு மேலே நீண்டது.

நான் பார்த்துவிட்டேன். தவசி அண்ணன் பார்த்துவிட்டார். மதினி திரும்பி, நீண்ட கையையும் அவன் முகத்தையும் பார்த்தார்.

"இப்ப நீயே சொல்லு. கடைய விடவா?"

பையனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. கையை மட்டும் மடக்கவில்லை. "ஊத்துங்கத்தே" என்றான் சிரிப்பை அடக்கிக்கொண்டு. மதினி ஜாரைச் சாய்த்து, கடைசிச் சொட்டு வரை ஊற்றினார். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடியும் கிளாஸை நீட்டினான்.

"போடா! கொசுறு ஒரு வாட்டிதான்" என்றார் மதினி. "இன்னொன்னு வேணும்னா காசக் குடு."