ஓடை அடங்கிய வெள்ளிக்கிழமை

ஆக்லாந்தின் நியூ லின் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால், ஓடைக்கரையை ஒட்டி நாலு யூனிட் வீடுகள் வரிசையாக நிற்கும். மூன்றாவதில் குல்பஹோர் குடியிருந்தாள். மழை பிடித்தால் போதும், குடையோடு பின்வேலிக்குப் போய் நின்றுவிடுவாள். ஓடையை அவள் பார்ப்பதில்லை, கேட்பாள்.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?" என்பான் கணவன் வெற்றி. "இது உங்க ஊரு ஆறு இல்ல, குல். வாத்து நீந்துற ஓடை. முழங்காலளவு தண்ணி."

வெற்றிக்கு ஊர் ஈரோடு. மின்கோபுரம் நடும் வேலைக்காகத் தஜிகிஸ்தான் போன இடத்தில், கம்பெனிக்கு மொழிபெயர்க்க வந்தவளையே கட்டிக்கொண்டான். பிறகு ஸ்கில்டு விசாவில் ஆக்லாந்து. அவனிடம் தமிழ் படித்ததால் அவள் பேச்சில் கொங்குநாட்டு 'ங்க' ஒட்டிக்கொண்டிருந்தது. மாலில் துணி ஆல்டரேஷன் கடையில் வேலை. ஐந்து வயது மகள் தாரிணி, அம்மாவின் பாமிரி மொழி, அப்பாவின் தமிழ் இரண்டுக்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்வாள்.

அந்த வீட்டுக்கு வர குல்பஹோருக்கு மனமே இல்லை. பள்ளத்தில் இருக்கிறது என்றாள். ஸ்டேஷன் பக்கம், கடை பக்கம் என்று வெற்றி பேசிப் பேசியே சம்மதிக்க வைத்தான்.

அவள் பிறந்தது தஜிகிஸ்தானின் பாமிர் மலைகளுக்குள் பர்தாங் பள்ளத்தாக்கில். அந்த ஊர்களுக்கெல்லாம் மேலே ஓர் ஏரி இருக்கிறது. நூறு வருஷத்துக்கும் முன்னால் நிலம் நடுங்கி, ஒரு மலையே சரிந்து ஆற்றை மறித்தது. உசோய் என்ற ஊர் அப்படியே அடியில் போனது. தேங்கி நின்ற தண்ணீர்தான் சாரேஸ் ஏரி. அந்த மறிப்பு என்றைக்காவது உடையும் என்ற நினைப்போடுதான் கீழே இருப்பவர்கள் கோதுமை விதைத்தார்கள், ஆப்ரிகாட் காயவைத்தார்கள், கல்யாண வீட்டில் பறையைத் தட்டி ஆடினார்கள். மேட்டில் ஓர் இடம் குறித்து வைத்திருந்தார்கள். எழுத்து தெரிவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு அங்கே ஏறும் பாதை தெரியும்.

ஆனால் அவளுக்கு ஒன்பது வயதில் வந்தது ஏரி அல்ல, பக்கத்து மலையிலிருந்து இறங்கும் சிற்றோடைதான். இரண்டு நாள் மழை. வீட்டோரம் இரைந்துகொண்டிருந்த ஓடை, மூன்றாம் நாள் நடுப்பகலில் சட்டென்று அடங்கியது. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா மாவுக்கையோடு எழுந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். மழை பெய்யும்போது ஓடை அடங்கினால், மேலே எதுவோ அதை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கால்மணி நேரத்தில் பாறைகளும் மரங்களுமாகச் சேறு இறங்கி வந்தது. பசுவை அவிழ்க்க மாமன் பாதி வழியில் திரும்பினான். அவனைக் கூப்பிட்டுக்கொண்டே மாமி பின்னால் ஓடினாள். அவளை ஒருவரும் பிடித்து நிறுத்தவில்லை. இரண்டு பேரும் கிடைக்கவே இல்லை.

2023 ஜனவரி. கடைசி வெள்ளிக்கிழமை. மத்தியானம் பிடித்த மழை, மாலையில் தகரத்தில் சரளைக்கல் கொட்டுவதுபோல் இறங்கியது. வெற்றி நகர மையத்து ஆபீசில் மாட்டிக்கொண்டான். ட்ரெயின் ஓடவில்லை என்று போனில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தது. ஆறரை மணிக்கு ஓடை வேலியைத் தொட்டிருந்தது. பழுப்புத் தண்ணீரில் யார் வீட்டுக் குப்பைத்தொட்டியோ உருண்டு போனது. குல்பஹோர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஏழு மணி வாக்கில் சத்தம் குறைந்தது. மழை குறையவில்லை.

வேலிக்கு ஓடினாள். தண்ணீர் இரண்டு அடி இறங்கி, கரையின் ஈரச்சேறு பளபளத்தது. தாரிணியை முதுகில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கதவாக இடித்தாள். ஓரத்து யூனிட்களில் இருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்ததுமே கிளம்பிவிட்டார்கள். இரண்டாவதில் மன்னார்க்காரர் அருளப்புவும் மனைவி விக்ரோறியாவும் இருந்தார்கள்.

"அண்ணே, மேட்டுத் தெருவுக்குப் போகணுமுங்க. இப்பவே!"

அருளப்பு எட்டிப் பார்த்தார். "தண்ணி வடியுதெல்லோ, பிள்ளை? பிறகென்ன பயம்?"

"வடியலைங்க. மேல அடைச்சிருக்கு. மரமோ வேலியோ, பாலத்தடிக் குழாயில மாட்டியிருக்கு. அது விட்டுச்சுன்னா எல்லாம் ஒண்ணா வரும். எங்க ஊர்ல பார்த்திருக்கேன்."

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். ஷெல் விழும் ஊரிலிருந்து ஓடி வந்த மனுஷன். "வாரும் விக்ரோறியா" என்று மனைவியின் கையைப் பிடித்தார்.

மழையில் நாலு வீட்டுப் பதினொரு பேரும் தெருச்சரிவில் ஏறினார்கள். பாதியில் அருளப்பு நின்றார். "பாஸ்போட், வீட்டுப் பேப்பர் எல்லாம் மேசையில கிடக்கு. ரெண்டு நிமிசம்."

"போகாதீங்க அண்ணே!"

அவர் அதற்குள் இறங்கிவிட்டார். தாரிணியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, விக்ரோறியாவின் இடுப்பைக் குல்பஹோர் இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்தாள்.

மேலிருந்து மரம் முறிவதுபோல் ஒரு சத்தம். அப்புறம் ஓடை திரும்பி வந்தது. ஒரே சுவராக வந்து வேலியை மடக்கிப் போட்டு, நாலு யூனிட்களின் ஜன்னல்களுக்குள் நுழைந்தது. கார் ஒன்று தானாகத் திரும்பி மிதந்தது. வீட்டுப் பக்கவாட்டில் துணி காயப்போடும் இரும்புக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி கழுத்தளவுத் தண்ணீரில் அருளப்பு தெரிந்தார். மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

"விடும்! என்னை விடும் பிள்ளை! அந்த மனுசன் சாகப்போகுது!"

விக்ரோறியா அடித்தாள், கையைக் கடித்தாள். குல்பஹோர் விடவில்லை. நாற்பது நிமிஷம். தீயணைப்புப் படை படகில் வந்து அவரை எடுக்கும்வரை அந்தப் பிடி தளரவில்லை. மிதந்து வந்த மரக்கட்டை மோதி அவருடைய வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கிழக்கே வெளுக்கும் நேரத்தில் நகரத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்த வெற்றி, மனைவியின் கையில் பல்தடத்தைப் பார்த்தான். அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டான்.

இனிக் குடியிருக்கக் கூடாதென்று வீடுகளுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். வெற்றி சான்ட்ரிங்ஹாம் பகுதியில் மாடி வீடு பார்த்தான். ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போனாள் குல்பஹோர். அருளப்பு கையெடுத்துக் கும்பிட்டார். விக்ரோறியா மூன்று தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு குல்பஹோர் போகவில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதே யாரோ கத்துவதுபோல் இருக்கும். மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காதைத் தீட்டுவாள். கடைக்குள் மாலின் பாட்டுச் சத்தம் மட்டும் இருக்கும்.

ஏப்ரலில் ஒருநாள் கவுண்டரில் ஒரு பை வந்து விழுந்தது. நிமிர்ந்தால் விக்ரோறியா.

"இவரின்ர காற்சட்டை. வலது கால் நல்லா மெலிஞ்சுபோச்சு. ஒரு பக்கத்தை மட்டும் பிடிச்சுத் தைக்க ஏலுமே?"

"முடியுமுங்க அக்கா."

குல்பஹோர் துணியை விரித்து ஊசி குத்தத் தொடங்கினாள். விக்ரோறியா கவுண்டரைப் பிடித்தபடி நின்றாள்.

"அண்டைக்கு நீர் விட்டிருந்தா நான் செத்திருப்பன். எனக்குத் தெரியும். அவரும் அதைத்தான் சொல்லுறார்." பையின் கைப்பிடியை முறுக்கினாள். "எண்டாலும் அவர் என்னைக் கூப்பிடேக்க நீர் பிடிச்ச அந்தப் பிடி... அதை இன்னும் மன்னிக்க ஏலாமக் கிடக்கு, பிள்ளை."

"மன்னிக்க வேண்டாமுங்க" என்றாள் குல்பஹோர். கை நின்றுவிட்டது. "அண்ணன் இன்னும் கத்துறாருங்க அக்கா. எனக்கும் கேக்குது."

விக்ரோறியா ரசீதை வாங்கிக் கைப்பையில் வைத்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"வெளியில மழை இருட்டிக்கொண்டு வருது. கொஞ்சம் இருந்திட்டுப் போகட்டே?"

குல்பஹோர் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் துணிகளை அகற்றி, அதை அவளுக்காக இழுத்துப் போட்டாள்.