கேசுக்கு நின்றவன்

மதுவிலக்கு போட்டால் குடி ஒழிந்துவிடும் என்று சொன்னவனைக் காசியம்மாள் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பாள். கள்ளுக்கடையை மூடினார்கள், சரி. குடிக்கிறவன் குடித்துக்கொண்டேதான் இருந்தான். கல்வராயன் மலையடிவாரத்தில் ஓடைக்கு ஓடை பானை புதைத்து, வெல்லமும் பட்டையும் கொட்டி ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சினார்கள். அவள் தெருவில் அதை வாயில் வைக்காத ஆம்பிளை ஒருத்தன்தான், அவள் புருஷன் மாயவன். அந்தத் தெருவிலிருந்து ஜெயிலுக்குப் போனவனும் அவன் ஒருத்தன்தான்.

காய்ச்சியது பொன்னுரங்கம். கரும்புக் காடும் கிணறும் உள்ள ஆள். மாயவன் அவரிடம் கூலிக்குக் கரும்பு வெட்டுகிறவன். மாசம் இத்தனை கேசு பிடித்தாக வேண்டும் போலீசுக்கு. கேசைப் பொன்னுரங்கம் பேரில் எழுதுவார்கள். போய் நிற்பதற்கு ஆள் வேறு. ஊரில் அதற்குக் ‘கேசுக்கு நிக்கிறது’ என்று பேர். கோர்ட்டில் பொன்னுரங்கம் என்று கூப்பிட்டால் முன்னால் போய், "ஒத்துக்கறேங்க" என்று கும்பிட வேண்டும். மாயவன் மூன்று தடவை கும்பிட்டான். மாட்டேன் என்றால் அப்புறம் கரும்பு வெட்டு கிடையாது.

நாலாவது தடவை காசியம்மாள் வழி மறித்தாள்.

"குடிச்சவன் வூட்ல தூங்கறான், காச்சினவன் வூட்ல தூங்கறான். நீ இன்னாத்துக்கு மாமா போற?"

"ஒரு மாசந்தான்டி. வந்துடறேன்."

இருபதாம் நாள் ஜெயிலிலேயே வயிற்றுப்போக்கில் செத்தான். பொன்னுரங்கம் செத்துவிட்டதாகப் பொன்னுரங்கம் வீட்டுக்கே போலீஸ்காரர் வந்து சொன்னார். வீட்டுக்காரி ராணியம்மாள் அரண்டுபோய், விஷயம் புரிந்த பிறகுதான் காசியம்மாளுக்குச் சொல்லியனுப்பினாள்.

"மாயவன்னு இங்க யாரும் கிடையாது. செத்தது பொன்னுரங்கம். நீ அவருக்கு இன்னா வேணும்?" என்றார் ஜெயில் எழுத்தர். புருஷன் கண்ணெதிரே துணி மூடிக் கிடந்தான். பெண்டாட்டி என்றால்தான் பிணத்தைத் தருவார்கள். வந்த ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு, பொன்னுரங்கத்தின் மனைவி என்று எழுதியிருந்த இடத்தில் கைநாட்டு வைத்தாள். அங்கேயே புதைத்துவிட்டு, அவர்கள் கொடுத்த காகிதத்தோடு ஊருக்கு பஸ் ஏறினாள்.

தன் வீட்டுக்குப் போகவில்லை. உச்சி வெயிலில் பொன்னுரங்கம் வாசலில் உட்கார்ந்து, தலையை விரித்துப் போட்டு, மாரில் அடித்துக்கொண்டு, "பொன்னுரங்கம், என்னை வுட்டுட்டுப் போயிட்டியே" என்று அழுதாள். புருஷன் பேரை வாயால் சொன்னவள் இல்லை அவள். ஆனால் இது புருஷன் பேர் இல்லையே.

தெருவே கூடிவிட்டது. பொன்னுரங்கம் சாப்பிட்ட கையைக் கழுவாமல் வெளியே வந்தார்.

"உசுரோட இருக்கறவன் வாசல்ல எழவு கூட்டறியா? எழுந்து போடி."

காசியம்மாள் காகிதத்தை நீட்டினாள்.

"நீங்க செத்துட்டீங்கன்னு கவர்மெண்ட்டு ஸ்டாம்பு குத்திக் குடுத்துருக்குது. நாந்தான் பொண்டாட்டின்னு கைநாட்டு வச்சிருக்கறேன்."

தாலியை அறுத்து அவர் காலடியில் போட்டாள். பிறகு கதவோரம் நின்ற ராணியம்மாளைப் பார்த்து, "நீங்களும் அறுத்துடுங்கம்மா" என்றாள்.