ஒன்றரை மணி நேரத் தூரம்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை மணி 8.50. சிங்கப்பூரில் தூறல். கன்னிவாடியிலிருந்து அக்கா மகன் முருகேசன் பேசினான். அங்கே மணி 6.20.

"மாமா, நாலு நாளா ஆஸ்பத்திரியில இருந்த அம்மா போயிருச்சு. நீங்க கோடி போட்டுத்தான் எடுக்கணும். சாயங்காலம் அஞ்சு மணின்னு பேசியிருக்கோம். வந்துருவீகல்ல?"

"வந்துருவேன்" என்றேன். பிறந்த வீட்டுச் சேலை மேலே விழாமல் ஒரு பெண்ணை எடுப்பது எங்களில் வழக்கமில்லை. பிறந்த வீடு என்று மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான்.

பையோடு லிஃப்டில் இறங்கும்போது, எதிர்வீட்டுச் சீன அம்மாள் கேட்டார்: "ஹாலிடேயா அங்கிள்? இந்தியா எத்தனை மணி நேரம்?" நாலு என்றேன். "வாவ்! பக்கம்தான் லா!" என்று சிரித்தார். திண்டுக்கல்லில் முப்பத்துநான்கு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவன், ஆங்கிலம் தெரியும். ஆனாலும் சாவுக்குப் போகிறேன் என்ற ஒரு வரி வாயில் வரவில்லை.

மகள் வீட்டுக்கு வந்து ஏழு வருடம். ஐந்து முறை ஊருக்குப் போயிருக்கிறேன். முதல் முறை அக்கா என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். புறப்பாடு 9.00, இறங்குவது 10.30. "ஒன்றரை மணி நேரந்தானாப்பா? கொடைக்கானல் பஸ்ஸே இதைவிட லேட்டு!" திரும்பும் டிக்கெட்டில் ஆறரை மணி நேரம் காட்டியது. "பாத்தியா, ஊரை விட்டுப் போக மனசில்லைன்னு பிளேனுக்கே தெரியுது" என்றாள். இரண்டு ஊர்க் கடிகாரத்துக்கும் இடையே இரண்டரை மணி நேரம் இருப்பதை நான் விளக்கவில்லை. மாணவன் ஒருவன் அப்படிக் கணக்குப் போட்டிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். அக்காவின் தப்பு எனக்குப் பிடித்திருந்தது.

மதுரை விமானத்தில் இடமில்லை. திருச்சிக்கு, பகல் 1.30க்குத்தான் கிடைத்தது. போகும் வழியில், தமிழ்க் கடைகள் இருக்கும் தேக்காவில் இறங்கி, அக்காவுக்குப் பிடித்த அரக்குக் கலரில் சேலை எடுத்தேன். திருச்சியில் இறங்கியபோது அங்கே மணி மூன்று. வெளியே வர ஐம்பத்தைந்து நிமிடம். திண்டுக்கல் வர இரண்டு மணி நேரம். ஊருக்குள் கார் நின்றபோது மணி 6.35, இருட்டிவிட்டது.

பெண்கள் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் என் செருப்பு வரை வந்தது.

முருகேசன் தலை ஈரமாக வந்து கையைப் பிடித்தான். "அஞ்சரை வரைக்கும் பாத்தோம் மாமா. மழை வேற கட்டிருச்சு. உங்க தூரத்துப் பங்காளி ஒருத்தரை விட்டு, உங்க பேரைச் சொல்லிக் கோடி போட்டோம்."

"ஆஸ்பத்திரியில சேத்தன்னைக்கே ஏன்டா சொல்லல?"

"நாலு நாளும் நான் போனை எடுத்தேன் மாமா. அம்மாதான் விடல. 'ஒன்றரை மணி நேரத்துல வந்துருவான்டா, முடியாமப் போனாச் சொல்லு, இப்பவே அவனைப் பதற வைக்காத'ன்னுச்சு."



கோடிக்கு எடுத்த சேலையை உயிரோடு இருக்கும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. கடையில் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அது இப்போது சிங்கப்பூரில், என் அலமாரியில், அட்டைப் பெட்டியோடு இருக்கிறது. பெட்டி மேல் தேக்காக் கடை முகவரி. உள்ளே கன்னிவாடிக்குரிய சேலை.

போன வாரம் லிஃப்டில் அந்த அம்மாள் மறுபடி கேட்டார், ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று சொன்னீர்கள், மறந்துவிட்டது என்று.

இந்த முறை, போன் வந்ததிலிருந்து கணக்குப் போட்டுச் சரியாகச் சொன்னேன். பன்னிரண்டு மணி நேரம், பதினைந்து நிமிடம்.