என் பங்குத் தூக்கம்

என் வீட்டுக்காரருக்கு டி.பி. என்று தெரிந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. கோரமண்டல் தங்கச் சுரங்கத்தை ஒட்டி, ஒற்றை அறை லைன் வீட்டில் இரண்டு பெண் குழந்தைகளோடு இருந்தோம். அவர் சுரங்கத்துக்குள்ளே பாறையில் துளை போடும் வேலையில் இருந்தவர். ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் வைத்திருந்து ஊசி போட்டார்கள். சளியில் இப்போது கிருமி இல்லை, இனி கேஜ் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் போக வேண்டாம், மேலே ஸ்டோரில் வேலை பார்க்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கிளம்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மருந்து அதன் வேலையைச் செய்துவிட்டது, நோய் திரும்பி வராமல் தடுக்கும் சக்தி உடம்புக்குள்தான் வளர வேண்டும் என்றார். தினம் ஒரு முட்டை, பால், கீரை, பருப்பு. எட்டு மணி நேரத் தூக்கம். காலை வெயிலில் நடை. வீட்டில் நல்ல காற்று. பீடி கூடவே கூடாது. நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன். கேட்கும்போது எல்லாம் சின்னச் சின்ன வேலைகளாகத்தான் தெரிந்தன.

எங்கள் அறைக்கு ஜன்னலே கிடையாது. அவர் மூங்கில் தட்டிச் சுவரில் ஒரு சதுரம் அறுத்துக் கதவு வைத்தார். காற்று வந்தது, கூடவே மண்ணும் வந்தது. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிவைத்த சயனைடு மண்மேடு அந்தப் பக்கம்தான் இருந்தது. காற்று வீசினால் சோற்றுப்பானை மூடிமேல் சாம்பல் நிறத்தில் படியும். அதனால் விடிந்ததும் ஜன்னலைத் திறப்பேன். வெயில் ஏறிக் காற்றுக் கிளம்பியதும் மூடி, ஈரக் கோணிப்பையைத் தொங்கவிடுவேன். சாயந்திரம் மறுபடி திறப்பேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்கில்.

தூக்கம் அதைவிடப் பெரிய பாடு. ஸ்டோரிலும் ஷிப்ட் உண்டு. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து அவர் படுத்தால், பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்க அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருப்பேன். அவர் எழுந்ததும் சாப்பாடு. அதற்குள் பிள்ளைகளுக்குப் பசி. இருட்டோடு எழுந்து குழாயடியில் குடத்தை வைக்காவிட்டால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. நான் எப்போது தூங்கினேன் என்று இப்போது நினைத்தாலும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் அவர் சட்டையில் பீடி வாசனை அடித்தது. கேட்டேன். ஒன்றே ஒன்றுதான் என்றார். வேறொரு நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்றைக்கு அதற்கும் தெம்பில்லை. சட்டையை வாளியில் ஊறப்போட்டேன்.

எனக்குச் சளி பிடித்தால் மாதக்கணக்கில் விடவில்லை. வாயெல்லாம் புண். விறகு உடைக்கும்போது விரலில் பட்ட வெட்டு மூன்று வாரமாகியும் ஆறாமல் சீழ் வைத்தது. எல்லாருக்கும் வருவதுதானே என்று மஞ்சளை அப்பிக்கொண்டு இருந்தேன். ஒரு விடியற்காலை குழாயடியில் நின்றபடியே சரிந்து விழுந்தேன். உடம்பு அனலாகக் கொதித்ததாம்.

அவர்தான் அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எனக்கு டி.பி. இல்லை. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். நந்திதுர்க் சுரங்கப் பக்கத்து நர்சம்மா ஒருத்தர் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டார், "காலையில இன்னா சாப்பிடுவே?"

"அவரு சாப்பிட்டு மிச்சம் இருந்தா கஞ்சி."

"முட்டை?"

"அது அவருக்கு எழுதினது."

"எத்தினி மணி நேரம் தூங்குவே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நர்சம்மா கட்டுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

"இதெல்லாம் உனுக்கு மட்டும்தான்னு யாருப்பா சொன்னது? இவளுக்கும் அதே உடம்புதானே?"

வீட்டுக்கு வந்த மறுநாள் அவரே முட்டையை வேகவைத்து, உரித்து, நூலால் நடுவில் அறுத்தார். ஒரு பாதியை என் தட்டில் வைத்துவிட்டு, நான் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மதிய ஷிப்ட் வாரங்களில் குழாயடிக்கு அவரே போனார். பெண்கள் வரிசையில் ஓர் ஆம்பிளை நிற்கிறதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டே நின்று பிடித்து வந்தார். பூதிகோட்டையிலிருந்து கூடையில் கீரை கொண்டுவரும் அம்மாவிடம் ஒரு கட்டுக்குப் பதில் இரண்டு கட்டு வாங்கினார்.

பகலில் ஒரு மணி நேரம் நான் படுக்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுக்காரி, நல்லா கீற பொம்பளை பட்டப்பகலில் படுத்துக்கிறாளே என்று வாசலில் வைத்துச் சொன்னது எனக்குக் கேட்டது. எழுந்துவிடலாம் என்று கையை ஊன்றினேன். அவர் வெளியே போய், "அதுவும் மருந்துதாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். நான் மறுபடி படுத்துக்கொண்டேன்.

விரல் பத்து நாளில் ஆறியது. சளி விட இரண்டு மாதமானது. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நடுவில் சில மாதம் அவர் பீடிக்குத் திரும்பினார், பிறகு விட்டார். முட்டை கிடைக்காத வாரங்களில் வேர்க்கடலையை அவித்துத் தின்றோம். இன்றைக்குத் தின்றதையும் தூங்கியதையும் சேர்த்து வைத்து அடுத்த மாதம் சும்மா இருக்க முடியாது. அதுதான் எனக்குப் பெரிய அலுப்பு.

இரண்டு வருஷம் கழித்து அவருக்கு மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். பழைய தழும்பு இருக்கிறது, புதிதாக ஒன்றும் இல்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கால்தான் வலித்தது. திரும்பும் வழியில் ஒரு பாலத்துத் திட்டில் உட்கார்ந்தோம்.

"நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட்" என்றார்.

"அப்ப குழாயடிக்கு நான்தான். நேரத்தோட படுக்கணும், போலாம் வாங்க" என்று எழுந்தேன்.